குழந்தையோடு கடலேறுதல்: சென்னைத் துறைமுகமும் அதன் வடகரையும்

ஓர் ஊரைச் சென்றடைவதைக் காட்டிலும் கப்பலில் தங்கியிருப்பதையே முதன்மையாகக் கொண்ட விடுமுறைப் பயணம், அதாவது இன்று சொகுசுக் கப்பல் சுற்றுலா என்று அறியப்படுவது, சென்னைக் குடும்பங்களுக்குத் தம் ஊர்த் துறைமுகத்திலேயே கிடைக்கத் தொடங்கியது மிக அண்மையில்தான். 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைக்க, கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் என்ற கப்பல் சென்னையிலிருந்து வங்கக் கடலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்றது. அடுத்த ஆண்டு ஜூன் 5 அன்று மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால், 17.21 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த பயணிகள் முனையத்தைத் துறைமுகத்துக்குள் திறந்துவைத்ததோடு, அதே கப்பலை அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளுக்கு வழியனுப்பினார். 1990இல் பிரான்சின் சேன் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, அமெரிக்க நிறுவனம் ஒன்றிடம் நெடுங்காலம் ஓடிய இக்கப்பலின் நீளம் ஏறத்தாழ 211 மீட்டர். அதன் மொத்தக் கொள்ளளவு 48,563 டன். கப்பலியலில் இந்த எண் எடையைக் குறிப்பதன்று, கப்பலின் மூடிய உள்ளிடம் முழுவதன் பருமனைக் கொண்டு கணக்கிடப்படும் அளவு என்பதைக் குழந்தைகளுக்கு விளக்க நேரும் பெற்றோர் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சிறு குழந்தையோடு இத்தகைய பயணத்துக்கு ஆயத்தமாகும் குடும்பங்கள் கப்பலின் நீச்சல் குளத்தையும் உணவுக் கூடத்தையும் பற்றி எவ்வளவோ விசாரிக்கின்றன. கப்பல் எந்தக் கரையிலிருந்து புறப்படுகிறது என்பதைப் பற்றி அநேகமாக ஒன்றும் கேட்பதில்லை. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடகரையை ஒட்டித்தான் அந்தத் துறைமுகம் இருக்கிறது. ஆயினும் பயணிகளில் பெரும்பாலோர் ராஜாஜி சாலையில் காரை விட்டிறங்கி முனையத்துக்குள் நுழைந்துவிடுவதால், அக்கரை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. குழந்தைக்கு இப்பயணம் தரக்கூடிய செல்வங்களுள் பெரியது கப்பலுக்குள் இல்லை, கப்பல் துறையை விட்டு நீங்கும் முதல் ஒரு மணி நேரத்தில் கரைப்பக்கம் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு. அதனைச் சொல்வதற்கு முன், இக்கரையிலிருந்து குழந்தைகள் கடலேறிய வரலாற்றையும், இன்றைய பயணத்துக்கு வேண்டிய ஏற்பாடுகளையும் காண்பது முறையாகும்.

துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னைக்கு வரும் கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி நங்கூரமிட்டு நின்றன. பயணிகளையும் சரக்கையும் கரைசேர்த்தவை மசூலா படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்ட இப்படகுகள், அலை மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும் தன்மையால் இக்கரைக்குப் பொருந்தின. அவற்றைச் செலுத்திய படகோட்டிச் சமூகத்தாரே பின்னர் இராயபுரத்தில் குடியமர்த்தப்பட்டு, அங்குள்ள புனித இராயப்பர் ஆலயத்தைத் தம் பொருளால் எழுப்பினர். கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நுரையலையைக் கடந்த தாய்மார் அந்தப் படகோட்டிகளின் கைத்திறனைத் தவிர வேறு காப்பு இன்றியே கடந்தனர். 1875இல் துறைமுகப் பணி தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயல் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. கிழக்கு நோக்கியிருந்த நுழைவாய் மணலால் தூர்ந்துகொண்டே இருந்ததால், 1904இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அது வடகிழக்குப் பக்கம் மாற்றப்பட்டது. அந்த ஸ்பிரிங்கின் அலுவலகத்தில் 1912 முதல் எழுத்தராக இருந்த கணித மேதை இராமானுஜன், 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பலில் இதே துறையிலிருந்துதான் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் சென்னையிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறுவது விடுமுறையாக இருந்ததில்லை. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம் வரையிலும், அதன்பின் எம்.வி. சிதம்பரம் 1985 வரையிலும், நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்குத் தமிழ்க் குடும்பங்களை ஏற்றிச் சென்றன. அவர்களில் மிகப் பலர் அறை எடுக்க இயலாமல் தளத்திலேயே பாய் விரித்துப் படுத்துப் பயணம் செய்தவர்கள். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்ததோடு அந்தப் போக்குவரத்தும் முடிவுக்கு வந்தது. 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்ட பின், கடையையும் நிலத்தையும் இழந்து குழந்தைகளோடு கப்பலில் வந்திறங்கிய தமிழர்களுக்கு இதே துறைமுகத்தின் மதில் ஓரமாகக் கடை வைக்க இடம் தரப்பட்டது; பர்மா பஜார் அவ்வாறு உருவானது. இன்றும் அந்தமானுக்கு அரசுக் கப்பல்கள் ஏறத்தாழ 3 நாள் பயணமாகச் சென்னையிலிருந்து செல்கின்றன. ஊருக்குப் போய்த் திரும்பும் அந்தமான் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் அவற்றின் பங்க் வகுப்பு எனப்படும் அடுக்குப் படுக்கைகளில் உறங்கி வளர்ந்தவர்கள். சுற்றுலாக் கப்பலின் கட்டணம் கைக்கு எட்டாத குடும்பத்துக்கு அதுவும் ஒரு நேர்மையான கடற்பயணமே ஆகும். வேடிக்கைக் கூடங்கள் அதில் இல்லை, கடல் முழுமையாக இருக்கிறது.

இனி இன்றைய ஏற்பாடுகள். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அரபிக்கடல் கொந்தளிப்பதால், மும்பையைத் தளமாகக் கொண்ட எம்பிரஸ் கப்பல் அக்காலத்தில் வங்கக் கடல் பக்கம் வருகிறது. மேற்கண்ட இரு புறப்பாடுகளும் ஜூன் மாதத்தில் அமைந்ததன் பின்னணி இதுவே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமும் புயலும் சேரும் காலமாதலால் வங்கக் கடலில் சிறு குழந்தையோடு செல்வதை எண்ணாமல் இருப்பது நல்லது. அட்டவணையும் வழித்தடமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. 2022ஆம் ஆண்டு முதல் பயணத்தின்போது புதுச்சேரி அரசு அனுமதி தராததால் பயணிகள் அவ்வூரில் இறங்க இயலாமற்போனது போல, அறிவிக்கப்பட்ட துறை விட்டுப்போவதும் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஊரைக் காட்டுவதாகக் குழந்தைக்கு முன்கூட்டியே உறுதி கூறாமல், கடலையும் கப்பலையும் காட்டுவதாகச் சொல்லி அழைத்துச் செல்வதே தக்கது.

உலகின் பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவும் 6 மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. பெருங்கடலைக் கடக்கும் நீண்ட வழித்தடங்களில் இவ்வரம்பு 12 மாதமாக உயர்கிறது. கப்பலில் மருத்துவர் இருந்தாலும், பச்சிளம் குழந்தைக்கு வேண்டிய தீவிர சிகிச்சை அங்கே கிடைக்காது என்பதும், கரை எட்டப் பல மணி நேரம் ஆகலாம் என்பதும் இவ்வரம்புக்குக் காரணங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் விளையாட்டுக் கூடங்களிலும் கழிப்பறைப் பழக்கம் வந்த பிள்ளைகளையே பொதுவாகத் தனியே விட முடியும். டயபர் அணிந்த குழந்தைகளை நீர்த்தூய்மை கருதிப் பொதுக் குளங்களில் இறங்க விடுவதில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்குக் குளத்தின் கரையில் நின்று அழுவதற்கான காரணமாக மட்டுமே அக்குளம் அமையக்கூடும் என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே பெற்றோர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

கடல்நோய் எனப்படும் தலைச்சுற்றலும் வாந்தியும், உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது தோன்றுகின்றன. இரண்டு வயதுக்குட்பட்டோரிடம் அரிதாகவும், அதற்குமேல் பன்னிரண்டு வயது வரை மிகுதியாகவும் காணப்படும் இத்தொல்லைக்குக் குழந்தை மருத்துவரிடம் முன்னரே கேட்டு, வயதுக்கும் எடைக்கும் ஏற்ற மருந்தைக் கொண்டுசெல்ல வேண்டும். பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுப்பது ஆபத்து. சீசாப் பலகையின் நடுவில் அமர்ந்த பிள்ளை முனையில் அமர்ந்த பிள்ளையைப் போல ஏறி இறங்காதது போலவே, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அமைந்த அறையில் ஆட்டம் குறைவு. விலை மிகுந்த மேல்தள முன்பக்க அறையைவிட எளிய நடு அறை குழந்தைக்கு நல்லது. பால்கனி அறையைப் பற்றிப் பலரும் ஆவலோடு கேட்கின்றனர். ஏறிப் பார்க்கும் வயதிலுள்ள குழந்தையோடு செல்வோர் அதனைத் தவிர்ப்பதே அறிவுடைமை. பலர் ஒரே கூடத்தில் உண்ணும் கப்பல்களில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸ் விரைந்து பரவக்கூடியது. கைக்குத் தடவும் ஆல்கஹால் திரவம் அதனை முழுமையாக அழிப்பதில்லை என்பதால், ஒவ்வொரு வேளையும் சோப்புப் போட்டுக் குழந்தையின் கையைக் கழுவிவிடுவதற்கு மாற்று இல்லை.

பாதுகாப்பு ஒத்திகை குறித்துச் சற்று விரிவாகவே கூற வேண்டும். டைட்டானிக் மூழ்கிய இரண்டாம் ஆண்டான 1914இல் முதன்முதலாக வகுக்கப்பட்டுப் பலமுறை திருத்தப்பட்டு வரும் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை, ஒரு நாளுக்கு மேல் கப்பலில் தங்கவுள்ள பயணிகள் அனைவரையும், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ, ஆபத்துக்காலத்தில் கூட வேண்டிய இடத்துக்கு அழைத்துச் சென்று பயிற்றுவிக்க வேண்டும் என்கிறது. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்றே ஏறிய பயணிகளில் பலருக்கு அந்த ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதன் விளைவாகவே 2015 முதல் இவ்விதி இறுக்கப்பட்டது. ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் சேர்ந்து ஒலிப்பது அபாய அறிவிப்பாகும். உயிர்காப்பு அங்கி உடல் எடைக்கு ஏற்பப் பிரிக்கப்பட்டது: 15 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்குக் கைக்குழந்தை அங்கி, 15 முதல் 43 கிலோ வரை சிறுவர் அங்கி, அதற்குமேல் பெரியவர் அங்கி. கப்பலிலுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் பொருத்தமான அங்கி இருக்க வேண்டியது கட்டாயமாயினும், அது அறையின் அலமாரியிலேயே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. ஏறிய உடன் அறைப் பணியாளரிடம் குழந்தையின் எடையைச் சொல்லி அங்கியைக் கேட்டு வாங்கி, ஒருமுறை அணிவித்துப் பார்க்க வேண்டும். ஊதல் ஒலி குழந்தையை அச்சுறுத்தும் என்று சிலர் ஒத்திகை நேரத்தில் அறைக்குள் தங்கிவிடுவது வருந்தத்தக்கது. முதல் நாள் இரவே வீட்டில் ஏழு குறுகிய ஒலியையும் ஒரு நீண்ட ஒலியையும் வாயால் ஊதிக் காட்டி விளையாடப் பழக்கிய குழந்தை அதற்கு அஞ்சாது.

ஒத்திகை முடிந்தபின் குழந்தையை நேரே திறந்த தளத்துக்கு, கப்பல் கடலை நோக்கிச் செல்கையில் இடப்பக்கமாக அமையும் ஓரத்துக்கு, அழைத்துச் செல்ல வேண்டும். துறைமுகத்தின் நீராழத்தையும் திருப்பங்களையும் அறிந்த பைலட் என்னும் வழிகாட்டி அதிகாரி கப்பலில் ஏறியிருப்பார். டக் எனப்படும் சிறிய இழுவைப் படகுகள் பெருங்கப்பலைத் துறையிலிருந்து விலக்கித் திருப்பும். நுழைவாயைக் கடந்தபின் பைலட் கயிற்றேணி வழியாக இறங்கித் தம் படகுக்குத் திரும்புவார். உலகின் எந்தக் கேளிக்கைக் காட்சியையும் விட மூன்று வயதுக் குழந்தையைக் கட்டிப்போடக்கூடிய இந்நிகழ்ச்சி நடக்கும் வேளையில், கப்பலின் உள்ளே வரவேற்பு விருந்தில் இருந்துவிடுவது பேரிழப்பு. அம்பேத்கர், ஜவகர், பாரதி ஆகியோர் பெயர் தாங்கிய துறைத் தொகுதிகளும், பெட்டகங்களைத் தூக்கும் பாரந்தூக்கிகளும் ஒவ்வொன்றாக விலகும். அவற்றுக்கு வடக்கே அலைதடுப்புச் சுவரை ஒட்டிக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதற்குத் தடை உண்டு. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தைக் காப்பதற்கான இத்தடை நடப்பிலுள்ள ஜூன் முதல் வாரப் புறப்பாடாயின், படகுகள் அனைத்தும் துறைக்குள் நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். ஜூன் இறுதிப் புறப்பாடாயின், அதே படகுகளை நடுக்கடலில் வலையோடு காணலாம்.

அதற்கும் வடக்கே கருங்கல் குவியல்கள் கடலுக்குள் கை நீட்டியது போலத் தெரியும். மீனவர்கள் தூண்டில் வளைவு என்று அழைக்கும் இத்தடுப்புகள் ஏன் வந்தன என்பது பெரியவர்களும் அறிய வேண்டிய செய்தி. இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதியும் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுசெல்கிறது. கடலுக்குள் நீண்ட துறைமுகச் சுவர் அம்மணலை மறித்ததால், தெற்கே மணல் சேர்ந்து, முன்பு சென்னைக் கோட்டைக்கு அருகில் வரை வந்துகொண்டிருந்த கடல் பின்வாங்கி மெரினா விரிந்தது. வடக்கே வரவேண்டிய மணல் வராமற்போனதால், இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் நிலத்தைத் தின்றது. வீடுகளும் தெருக்களும் கோயில்களும் கரைந்தன. எண்ணூர் விரைவுச் சாலையையே கல் கொட்டிக் காக்க வேண்டியதாயிற்று. சென்னையின் பெருமையாக மெரினாவைக் குழந்தைக்குக் காட்டும் எவரும், அம்மணலுக்கு விலை கொடுத்த குப்பங்களையும் காட்டக் கடமைப்பட்டவர் ஆவர்.

வானம் தெளிந்திருந்தால் வடக்கே எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் புலப்படும். அங்கு முதலில் நிலக்கரி இறக்குவதற்காகக் கட்டப்பட்டு, 2001 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம், இன்று காமராஜர் துறைமுகம் என்ற பெயரில் கார்களையும் அயல்நாடுகளுக்கு ஏற்றி அனுப்புகிறது. திருவொற்றியூர்க் கரையில் 1946இல் விளையாட்டு பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியதே எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனம், 1950களின் நடுவில் அங்கேயே என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் எழுந்தது. பலூனும் பைக்கும் பிறந்த ஊர் எது என்று கைநீட்டிக் காட்டப்பெற்ற குழந்தை அவ்வூரை மறப்பதில்லை. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, மீனவர்களும் மாணவர்களும் வாளிகளால் அதனை அள்ளிய கரையும் இதுவே. தான் ஏறியுள்ள கப்பலும் எண்ணெயில்தான் ஓடுகிறதா என்று ஏழெட்டு வயதுப் பிள்ளை தானாகவே கேட்கும். அக்கேள்விக்கு உண்மையான விடை தரப்பட வேண்டும்.

இலங்கை வழித்தடத்தில் இறங்கும் துறைகளில் குழந்தைக்கு மிகவும் ஏற்றது திருகோணமலை. அங்கே பிரெடரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மனிதரிடையே அச்சமின்றித் திரிகின்றன. கோட்டையின் உச்சியில், கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறையில், பாடல் பெற்ற தலமாகிய கோணேசுவரம் அமைந்துள்ளது. காங்கேசன்துறைக்கு அருகில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும், கடலை ஒட்டியே நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணியும் உள்ளன. போரால் நெடுங்காலம் மூடிக்கிடந்த இப்பகுதியில் தமிழ் பேசும் வேறொரு நாட்டுப் பிள்ளைகளைக் காண்பது சென்னைக் குழந்தைக்குப் புதிய அறிவாகும். கடற்பயணம் முழுவதும் வேண்டாம், அக்கரை மட்டும் போதும் என்போருக்கு, 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்ட நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் சேவை சில மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும். இலங்கை செல்லும் வழித்தடங்களில் கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதாரோ பிறப்புச் சான்றிதழோ கையில் இருக்க வேண்டும்.

காசிமேட்டுப் பிள்ளைகள் கரையில் நின்று பார்க்கும் அந்தக் கப்பலின் உட்புறத்தை அவர்களில் எவரும் கண்டிருத்தல் அரிது. கப்பல் துறையில் நிற்கும் நாட்களில் வடசென்னை மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு அதனைச் சுற்றிக் காட்ட ஓர் ஏற்பாடு செய்வது துறைமுகத்துக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் பெருஞ்செலவு அன்று. தம் நிலத்தைக் கடலுக்குக் கொடுத்த ஊர்களின் பிள்ளைகளுக்கு அது செய்யப்பட வேண்டும்.

வெளியூரிலிருந்து வரும் குடும்பங்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்து, அந்நாளை வடகரையில் செலவிடுவது சாலச் சிறந்தது. 2021இல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ ரயிலில் திருவொற்றியூர்த் தேரடியில் இறங்கினால் தியாகராசர், வடிவுடையம்மன் சந்நிதிகளையும், சற்றுத் தள்ளிக் கடலோரத்தில், பெருவணிகராயிருந்து துறவு பூண்ட பட்டினத்தாரின் சமாதியையும் காணலாம். திரும்பும் வழியில், 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்து, அதே ஆண்டு ஜூலை முதல் நாள் வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை அனுப்பிய இராயபுரம் நிலையக் கட்டடம் இன்னும் தூண்களோடு நிற்கிறது; ரயிலில் விருப்பமுள்ள குழந்தை அங்கே அரை மணி நேரம் நிற்கும். இரவு இராயபுரத்திலோ பாரிமுனையிலோ தங்குவது மறுநாளுக்கும் உதவும். கப்பலின் பதிவு முகப்பு புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பே மூடப்படும், பெட்டக லாரிகள் வரிசையாக நிற்கும் துறைமுகச் சாலைகளிலோ போக்குவரத்து எப்போது தேங்கும் என்று கணிக்க இயலாது, பெட்டிகளைச் சோதனைக்கு ஒப்படைத்தபின் அவை அறைக்கு வந்துசேர மாலையாகிவிடும் என்பதால், குழந்தையின் பால் புட்டி, மருந்து, மாற்றுடை ஒரு செட் ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு முற்பகலிலேயே முனையத்தை அடைந்துவிட வேண்டும்.